அந்தோனியார் நிலக்கோட்டைக்குப் போன கதை

ஐரினுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணில் எழுத்து பட்டுவிட்டால் போதும், கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டாள். பிஸ்கட் உறை, பேருந்துச் சீட்டின் பின்பக்கம், மருந்துப் பாட்டிலில் எறும்பு அளவுக்கு அச்சடித்த எழுத்து, எதுவும் அவளிடமிருந்து தப்பாது. கோயில் வாசல் அறிவிப்புப் பலகையை அவள் படித்து முடிப்பதற்குள், அவள் அம்மா புஷ்பமேரி வீட்டுக்குப் போய்க் குழம்பே வைத்து இறக்கிவிடுவார்.

"ஏழாப்புக்கு ஒரு நடமாடும் நூலகம் கிடைச்சிருக்கு" என்று கிளெமென்ட் கேலி செய்வான். வகுப்பே சிரிக்கும். ஐரினும் சேர்ந்து சிரித்துக்கொள்வாள். ஆனால் படிப்பதை மட்டும் விடமாட்டாள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. திண்டுக்கல்லில் தினமும் மின்சாரம் போய் வந்துகொண்டிருந்த காலம். ஐரின் படித்த சிஸ்டர்மார் பள்ளி இருந்த பகுதியில் பகல் பன்னிரண்டு மணிக்குப் போகும், இரண்டு மணிக்கு வரும். கடிகாரம் இல்லாதவர்கள்கூட மின்விசிறி நிற்பதைப் பார்த்து மணி சொல்வார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. மூன்று மணிக்கு நடுவர்கள் வருகிறார்கள். ஏழாம் வகுப்பின் பங்கு, 'ஆத்தூர் நீர்த்தேக்கத்துப் பறவைகள்'.

அந்தப் பறவைகளைப் படம் பிடித்தவள் புவனேஸ்வரி. ஆத்தூரிலிருந்து பேருந்தில் வந்து படிப்பவள். வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஆனால் பறவைகளைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிறுத்தாமல் பேசுவாள். அதே வகுப்பில் படித்த ரொனால்டின் சித்தப்பா மிக்கேல்ராஜ் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். அவர் தன் பழைய கேமரா ஒன்றை அவளுக்கு இரவல் கொடுத்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், விடியும் முன்பே, தன் அப்பா சோலைமலையோடு நீர்த்தேக்கக் கரைக்குப் போய் நின்றாள் புவனேஸ்வரி. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

சோலைமலை தோட்டத்தில் வெண்டையும் கத்தரியும் போடுகிறவர். மகளின் பள்ளிக்குள் அவர் இதுவரை வந்ததில்லை. "எனக்கு அங்க என்னம்மா வேலை?" என்பார். இன்று மட்டும் மதியத்துக்கு மேல் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். புவனேஸ்வரி காலையிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

காலை பத்தரை மணிக்குக் கணினி அறையில் எல்லாரும் கூடினார்கள். பள்ளியில் இருந்தவை நான்கு லினக்ஸ் கணினிகள். திறந்ததும் ஒரு பென்குவின் படம் வரும். கணினி ஆசிரியை செபாஸ்தியம்மாள், திரையில் இருந்த 'paravai' என்ற ஃபோல்டரை இருமுறை தட்டினார்.

பறவை வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இந்த இணைப்பு உடைந்துவிட்டது. குப்பைத் தொட்டிக்கு அனுப்பலாமா?" என்று தமிழில் சொன்னார் செபாஸ்தியம்மாள் டீச்சர். அவர் முகம் சுருங்கியது.

"உடைஞ்சிருச்சா? அப்ப என் படம் எங்க டீச்சர்?" என்றாள் புவனேஸ்வரி.

மற்ற கணினிகளிலும் தேடினார்கள். எதிலும் இல்லை. கேமராவில்? அதிலிருந்த படங்களைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டு, கேமராவைக் காலி செய்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போய்விட்டார் மிக்கேல்ராஜ். திங்கட்கிழமை அந்தப் பென்டிரைவைக் கொண்டு வந்து, கணினியில் ஏற்றும் வேலையைச் செய்தவன் ரொனால்டு.

எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது.

"ஏலே ரொனால்டு, வீடியோ கேம் போட இடம் பத்தலன்னு அழிச்சுட்டியா?" என்றான் கிளெமென்ட்.

"நான் அழிக்கல! திங்கக்கிழமை திறந்து பார்த்தேன். எல்லாப் படமும் இருந்துச்சு!"

"அப்ப பறந்து போயிருச்சோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். புவனேஸ்வரி சிரிக்கவில்லை. "எங்கப்பா தண்ணி பாய்ச்சுற நாளை விட்டுட்டு வாராரு" என்று மட்டும் சொன்னாள்.

ரொனால்டின் காது சிவந்தது. அவன் அறையைவிட்டு வெளியே போய்விட்டான்.

"சரி, உடைஞ்சதை வச்சு என்ன செய்ய?" என்று பெருமூச்சு விட்ட டீச்சர், 'குப்பைக்கு அனுப்பு' என்ற பொத்தானை நோக்கிச் சுட்டியை நகர்த்தினார்.

"டீச்சர்! அமுக்காதீங்க!"

கத்தியது ஐரின். அறையே திரும்பிப் பார்த்தது. டீச்சரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"கீழ இன்னும் என்னமோ எழுதியிருக்கு டீச்சர். பொடி எழுத்துல. நாம மேல் வரியை மட்டும்தான் படிச்சோம்."

"ஆரம்பிச்சுட்டாடா நூலகம்" என்று முணுமுணுத்தான் கிளெமென்ட்.

டீச்சர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குனிந்தார். அவர் கோபப்படவில்லை. "ஆமா, ஏதோ இருக்கு. ஆனா எனக்கு நேரமில்ல ஐரின். பெரிய சிஸ்டர்கிட்டப் போயி ஏழாப்பு இந்த வருஷம் இல்லன்னு சொல்லணும். நீ வேணும்னா பார்த்து வை. எதையும் அழிச்சிராத."

டீச்சர் போனதும் ஐரின் அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள்: 'இந்த இணைப்பு காட்டும் இடம் இப்போது இல்லை.' பிறகு 'வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கினாள். பெட்டி மறைந்தது. ஃபோல்டர் பத்திரமாக அதே இடத்தில் இருந்தது. இப்போதுதான் அவள் இன்னொன்றையும் கவனித்தாள். அந்த ஃபோல்டர் படத்தின் மூலையில் பொட்டு அளவுக்கு ஓர் அம்புக்குறி. பக்கத்திலிருந்த மற்ற ஃபோல்டர்கள் எதிலும் அது இல்லை.

யோசித்தாள். இது எப்படி வந்தது என்று ஒருவனுக்குத்தான் தெரியும்.

ரொனால்டு தண்ணீர்க் குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய முகத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். கண்ணீர் தெரியாமல் இருக்க நல்ல வழிதான்.

"நீயும் திட்டப் போறியா?"

"இல்லடா. எனக்கு ஒண்ணு தெரியணும். திங்கக்கிழமை நீ செஞ்சதை எனக்கு ஒருதடவை அப்படியே செஞ்சு காட்டுறியா?"

"நான் அழிக்கல ஐரின்."

"தெரியும். அழிச்சிருந்தா ஃபோல்டரும் சேர்ந்து போயிருக்கணும். அது அங்கதான் இருக்கு. நீ என்னமோ செஞ்சிருக்க, ஆனா அழிக்கல."

அந்தக் காலையில் அவனை நம்பிய முதல் ஆள் அவள்தான். ரொனால்டு முகத்தைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். புவனேஸ்வரி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை. ஐரின் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"பென்டிரைவைச் செருகுனேன்" என்று தொடங்கினான் ரொனால்டு. "காப்பி போட்டா பன்னெண்டு நிமிஷம் ஆகும்னு காட்டுச்சு. அப்ப மணி பதினொண்ணு ஐம்பத்தஞ்சு. கரண்டு போயிருச்சுன்னா பாதியில நின்னுருமே! உடனே நிறுத்திட்டேன். சுட்டியோட நடுச்சக்கரத்தை அமுக்கிக்கிட்டு ஃபோல்டரை இழுத்துப் பார்த்தேன். மூணு வழி காட்டுச்சு. நகர்த்தவா, காப்பி பண்ணவா, இணைக்கவான்னு கேட்டுச்சு. மூணாவதை அமுக்குனேன். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு! எனக்கு ஒரே சந்தோஷம். பன்னெண்டு நிமிஷ வேலையை ஒரு நொடியில முடிச்சுட்டேன்ல!"

"அப்புறம்?"

"திறந்து பார்த்தேன். இருநூத்திப் பன்னெண்டும் இருந்துச்சு. பென்டிரைவைக் கழட்டி சித்தப்பாகிட்டக் கொடுத்துட்டேன்."

"செத்த இரு. திறந்து பார்த்தப்ப பென்டிரைவ் எங்க இருந்துச்சு?"

"கணினியிலதான் செருகி இருந்துச்சு."

ஐரின் மேசையைத் தட்டினாள். "அதான்! ரொனால்டு, நீ வீட்டைத் தூக்கிட்டு வரல. வீட்டு விலாசத்தை மட்டும் எழுதி இங்க ஒட்டிட்டுப் போயிருக்க. விலாசம் எழுத ஒரு நொடி போதும்ல? அதான் கண்ணு சிமிட்டுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு!"

"அப்ப படம்?"

"வீட்டுலயே இருக்கு. பென்டிரைவுல!"

புவனேஸ்வரி சட்டென்று திரும்பினாள். "இருக்கா? நெசமாவா?"

"விலாசத்தைப் படிச்சுருவோம்" என்றாள் ஐரின். படிப்பதென்றால் அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

ஃபோல்டரின் மேல் வலது பொத்தானை அமுக்கினாள். ஒரு பட்டியல் தொங்கியது. அதன் கடைசியில் 'பண்புகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். அதைத் தட்டினாள். பெயர், வகை, தேதி என்று வரிசையாக வந்தது. 'இணைப்பு போய்ச் சேரும் இடம்' என்று ஒரு வரி. அதற்கு எதிரே ஆங்கில எழுத்தில் இப்படி இருந்தது:

/media/ANTONY/paravai

ஐரின் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். "மீடியான்னா வெளியிலருந்து செருகுன பொருள். சிடி போட்டாலும் இப்படித்தான் காட்டும். அதுக்குள்ள ஆன்டனி. அதுக்குள்ள பறவை. யாருடா ஆன்டனி?"

ரொனால்டு நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, சித்தப்பா! அவர்கிட்ட ஆறு பென்டிரைவ் இருக்கு. ஆறும் ஒரே மாதிரி கறுப்பு. மாறிப் போகாம இருக்க ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு புனிதர் பேரை வச்சிருக்காரு. நான் எந்தப் புனிதரைக் கொண்டு வந்தேன்னு பார்க்கவே இல்ல. இது அந்தோனியார்!"

ஐரினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குச் சிரிக்கிற?" என்றாள் புவனேஸ்வரி.

"புவனா, எங்க வீட்டுல சாவி, குடை எது தொலைஞ்சாலும் அம்மா அந்தோனியார்கிட்டத்தான் வேண்டுவாங்க. தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்குறது அவரு வேலை. இன்னைக்கு நாம அவரையே தேடிப் போகணும்!"

காலையிலிருந்து முதன்முறையாகப் புவனேஸ்வரியின் உதட்டோரம் லேசாக விரிந்தது.

மூன்று பேரும் ஓடினார்கள். தலைமையாசிரியையான பெரிய சிஸ்டரின் அறை வாசலில் காத்திருந்த செபாஸ்தியம்மாள் டீச்சர் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உள்ள போகாதீங்க! படம் இருக்கு!"

மூச்சு வாங்க ஐரின் சொன்னதைக் கேட்டதும் டீச்சர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். தன் செல்பேசியில் மிக்கேல்ராஜை அழைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"அந்தோனியாரா?" என்றது மிக்கேல்ராஜின் குரல். பின்னால் நாதஸ்வரம் கேட்டது. "செத்த இருங்க டீச்சர், பையைப் பார்க்கிறேன். சூசையப்பர் இருக்காரு. சவேரியார் இருக்காரு. செபஸ்தியார் ஆல்பம் போட மதுரைக்குப் போயிருக்காரு. அந்தோனியார்... ஆங், அந்தோனியார் நிலக்கோட்டைக்குப் போயிட்டாரே!"

"நிலக்கோட்டைக்கா?"

"பூ வியாபாரி பொன்னழகு வீட்டுக் காதுகுத்துப் படத்தை அதுலதான் போட்டுக் கொடுத்தேன். நேத்துதான் வாங்கிட்டுப் போனாரு. ஐயையோ டீச்சர்!"

"என்ன மிக்கேல்?"

"அதுல பழசு எதாவது கிடந்தா அழிச்சுட்டு உங்க வீட்டுப் படத்தை வச்சுக்கங்கன்னு சொல்லிட்டேனே! ரொனால்டு ஏத்தியாச்சுன்னு சொன்னதால சொன்னேன்!"

ரொனால்டு சுவரில் சாய்ந்துவிட்டான். புவனேஸ்வரி ஐரினின் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஐரின் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"நம்பரைச் சொல்லு, சீக்கிரம்!" என்றார் டீச்சர்.

பொன்னழகின் எண் முதல் முறை 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்றது. இரண்டாம் முறையும் அதேதான். பூச்சந்தை நேரத்தில் பூ வியாபாரியின் செல்பேசி ஓய்ந்திருக்குமா? மூன்றாம் முறை மணி அடித்தது. ஐரின் நெற்றியிலும் நெஞ்சிலும் வேகமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாருங்க? மல்லி நேத்து விலையேதான், கூடவும் இல்ல, குறையவும் இல்ல!" என்றது ஒரு கனத்த குரல்.

டீச்சர் செல்பேசியை ஐரினிடம் நீட்டினார். "விலாசம் கண்டுபிடிச்சவ நீதான். நீயே சொல்லு."

"ஐயா, நாங்க திண்டுக்கல்லுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேசுறோம். போட்டோக்கார மிக்கேல்ராஜ் கொடுத்த பென்டிரைவுல பறவைன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அழிச்சிராதீங்க ஐயா! எங்க தோழி நாலு வாரம் விடியக்காலையில எந்திரிச்சுப் போயி எடுத்த படம். வேற எங்கயும் இல்ல. உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு!"

"பென்டிரைவா? இப்பதாம்மா என் பையன் அதைச் செருகிக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்தான்..." குரல் சட்டென்று உயர்ந்தது. "ஏலே பிரபு! கையை எடுலே! எதையும் தொடாத! எதையாச்சும் அழிச்சியா?"

தூரத்தில் ஒரு பையனின் குரல் கேட்டது. "அழிக்கலப்பா. பறவைப் படம் நல்லா இருந்துச்சு. பார்த்துட்டு அழிக்கலாம்னு ஒவ்வொண்ணாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். எழுபத்தி மூணாவது படம் வந்திருக்கேன்."

பள்ளி வராந்தாவில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள்.

"அழுகாதீங்கம்மா" என்றார் பொன்னழகு. உண்மையில் யாரும் அழவில்லை. புவனேஸ்வரி மட்டும் கொஞ்சம். "மத்தியானம் எங்க பூ வேன் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வருது. உங்க பள்ளிக்கூட வாசல் வழியாத்தான் போகும். டிரைவர் சடையாண்டிகிட்டக் கொடுத்து விடுறேன். ரெண்டு மணிக்கு வாசல்ல நில்லுங்க."

பன்னிரண்டு மணிக்கு மின்விசிறி நின்றது. மதிய உணவு மணி அடித்தது. ஐரின் தன் எலுமிச்சைச் சோற்றை மூன்றாகப் பிரித்தாள். ரொனால்டு வேண்டாம் என்றான். "சாப்பிடுடா, உன் பங்கும் சேர்த்து நான் தின்னா என் வயிறு உடைஞ்சிரும். அதையும் யாராவது குப்பையில போடச் சொல்வாங்க" என்றாள் ஐரின். அவன் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

ஒன்றே முக்காலுக்கே மூவரும் வாசலில் நின்றார்கள். டீச்சரும் வந்து நின்றார். பேருந்துகள் போயின. சிறுமலை வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று போனது. இரண்டு மணி ஆனது. வேன் வரவில்லை.

இரண்டே கால். மல்லிகை மணம் முதலில் வந்தது. பின்னாலேயே பூ வேன் வந்தது. மூவரும் கையை ஆட்டினார்கள்.

வேன் நிற்கவில்லை! டிரைவர் பாட்டை உரக்கப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடியே அவர்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஐயோ!" என்று புவனேஸ்வரி கத்தி முடிப்பதற்குள் ரொனால்டு பாய்ந்துவிட்டான். சாலை ஓரமாக, புழுதி பறக்க, புத்தகப்பை இல்லாத பையன் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினான்.

"சடையாண்டி அண்ணே! அந்தோனியாரைக் கொடுத்துட்டுப் போங்கண்ணே!"

தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வேளையாக, முனையில் ஓர் எருமை சாலையைக் கடக்க ஆரம்பித்தது. எருமைக்கு அவசரம் தெரியாது. நடுச்சாலையில் நின்று ஒருமுறை சுற்றிலும் பார்த்தது. வேன் நின்றது. ரொனால்டு கதவைத் தட்டினான்.

"அடடா, மறந்தே போச்சு!" என்று நாக்கைக் கடித்தார் சடையாண்டி. "ஏலே அப்பு, இம்புட்டு ஓட்டம் ஓடுற! இந்தா, முதலாளி கொடுத்தது."

அவர் கொடுத்தது ஒரு வாழையிலைப் பொதி. வாசலுக்குக் கொண்டு வந்து பிரித்தால், உள்ளே இரண்டு முழம் மல்லிகை. ரொனால்டின் முகம் வெளுத்தது. "பூவை மட்டும் கொடுத்துட்டாரா?"

ஐரின் பூவை மெல்ல விலக்கினாள். நடுவில், பால் பாக்கெட் உறையில் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். பூக்காரர் வீட்டில் விலையுள்ள எதையும் இப்படித்தான் கொடுத்து அனுப்புவார்கள் போலும். உள்ளே, ஈரம் படாமல், கறுப்புப் பென்டிரைவ் ஒன்று இருந்தது.

ரொனால்டின் ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. முழங்கால் வரை புழுதி. புவனேஸ்வரி தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவனிடம் நீட்டினாள். அவன் முழுவதையும் குடித்து முடித்தான்.

கணினி அறைக்குள் நுழைந்தபோது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மணி இரண்டு இருபத்தைந்து. பென்டிரைவைச் செருகினார்கள். திரையில் பெயர் வந்தது: ANTONY. உள்ளே பறவை ஃபோல்டர் அப்படியே இருந்தது.

டீச்சர் சுட்டியைப் பிடிக்கப் போனார்.

"டீச்சர்" என்றாள் புவனேஸ்வரி. "ரொனால்டே செய்யட்டும்."

ரொனால்டு அவளைப் பார்த்தான். "நானா?"

"ஆமா. நீதான ஓடிப்போயி வாங்கிட்டு வந்த."

அவன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நடுச்சக்கரத்தை அமுக்கி இழுத்தான். மூன்று வழிகள் வந்தன. கிளெமென்ட்கூட வாயை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தான். ரொனால்டு ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் படித்தான். பிறகு இரண்டாவதை, காப்பி செய்வதை, அமுக்கினான்.

'இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள்' என்றது கணினி. பச்சைக் கோடு நத்தை மாதிரி நகரத் தொடங்கியது.

"பழைய கணினி. இதுக்கு மேல வேகமாப் போகாது" என்றார் டீச்சர்.

"மெதுவாவே போகட்டும் டீச்சர்" என்றான் ரொனால்டு.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் யாரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. கோடு கடைசியைத் தொட்டு மறைந்தது. ரொனால்டு பென்டிரைவை முறைப்படி வெளியேற்றிக் கழற்றினான். அதை மேசையின் மறுகோடியில், எல்லாருக்கும் தெரியும்படி வைத்தான். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோல்டரைத் திறந்தான்.

பென்டிரைவ் வெளியே வந்துவிட்டது. ஆனாலும் பறவைகள் பறந்து போகவில்லை. நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி, குஞ்சைக் கூட்டிக்கொண்டு நீந்தும் நாமக்கோழி, இருநூற்றுப் பன்னிரண்டும் திரையிலேயே இருந்தன!

"ஓ..." என்று வகுப்பே கூச்சலிட்டது. பக்கத்து அறையிலிருந்து எட்டாம் வகுப்பு ஆசிரியர் தலையை நீட்டி, "தேர் எதுவும் வருதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கிளெமென்ட் ரொனால்டின் பக்கம் வந்து நின்றான். "காலையில சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்டா" என்றான். "வீட்டுக்குப் போறப்ப என் செருப்பைப் போட்டுக்க. வீட்டுல இன்னொண்ணு இருக்கு."

மூன்று மணிக்கு நடுவர்கள் வந்தார்கள். ஒரு பெரியவர், ஓர் அம்மா. இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து படம் படமாகப் பார்த்தார்கள்.

"கணினி அறையில மல்லிகைப்பூ வாசம் வருதே?" என்று மூக்கை உறிஞ்சினார் அந்தப் பெரியவர்.

"அது நிலக்கோட்டை வாசம் சார்" என்றாள் ஐரின். டீச்சர் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார்.

கூழைக்கடா ஒன்று பையைப் போன்ற அலகை விரித்து நிற்கும் படம் வந்தது. நடுவர் அம்மா முன்னால் சாய்ந்தார். "இவ்வளவு பக்கத்துல எப்படிம்மா எடுத்த? பறந்து போகலையா?"

புவனேஸ்வரி எழுந்தாள். வகுப்பில் வாய் திறக்காதவள், அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "ரெண்டு மணி நேரம் அசையாம நின்னோம் மேடம். நானும் எங்கப்பாவும். கொசு கடிச்சாக்கூட அடிக்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

"ஆமாங்க, கடி தாங்க முடியல" என்று கதவருகிலிருந்து ஒரு குரல் வந்தது.

சோலைமலை வந்திருந்தார். வெளுத்த வேட்டி சட்டை. கையில் ஒரு பை நிறைய வெண்டைக்காய். உள்ளே வரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருந்தார். நடுவர் பெரியவர் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். சோலைமலை விளிம்பில் உட்கார்ந்து, வெண்டைக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தானும் மகளும் பார்த்த பறவைகளை மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

எல்லாம் முடிந்து நடுவர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற ரொனால்டைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்குமா? இன்னைக்கு ஒரு நாளுக்கு மட்டும்தானா?"

"இருக்கும் ஐயா" என்றான் ரொனால்டு. "இங்கயேதான் இருக்கும். எப்ப வந்தாலும் பார்க்கலாம்."

சோலைமலை திரையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெண்டைக்காய்ப் பையை டீச்சரின் மேசைமேல் வைத்தார்.

"அப்படின்னா, திங்கக்கிழமை இவ ஆத்தாளையும் கூட்டிட்டு வாரேன்" என்றார்.